மறு: ட்ரிப் சுவிட்சுக்குத் தமிழ் – கசிவுவெட்டி சரிவருமா?

வணக்கம்.

மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்சுக்கு, அதாவது ஆர்சிசிபிக்கு (RCCB), தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் 'எச்ச மின்னோட்டச் சுற்றுடைப்பான்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பிழையில்லாத சொல்தான், பரீட்சைத்தாளில் எழுதலாம். ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் வயரிங் செய்கிற தம்பியிடம் போய் எச்சம் என்றால் காகம் எங்கே என்று அண்ணாந்து பார்ப்பார்.

நீளம்கூட எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. எங்கள் பக்கத்தில் எம்சிபியும் (MCB) ட்ரிப் சுவிட்ச்தான், ஆர்சிசிபியும் ட்ரிப் சுவிட்ச்தான், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முன்னது மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் வெட்டி வயர் சூடாகி எரியாமல் பார்க்கும், பின்னதுதான் மின்சாரம் தாக்காமல் ஆளைப் பார்க்கும்.

போன மாரியில் எங்கள் கிணற்று மோட்டரைப் போடப்போட ஆர்சிசிபி விழுந்துகொண்டே, அதாவது தானாக அணைந்துகொண்டே, இருந்தது. பார்க்க வந்தவர் "இது சும்மா விழுகுது" என்று அதைத் தாண்டி நேரே லைன் கொடுத்துவிட்டு, "ட்ரிப் சுவிட்ச் இன்னும் ஆறு இருக்குதானே" என்று எம்சிபிகளைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுகா ஒருநாள் மாமி ஈரக்காலோடு மோட்டரைத் தொட, சுள்ளென்று இழுத்திருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டு மோட்டரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தால், எறும்பு கட்டிய மண் ஈரத்தில் ஊறி, உயிர்க்கம்பி (லைவ்) முனையிலிருந்து இரும்பு உடம்புவரை அப்பிக் கிடந்தது. ஆர்சிசிபி சும்மா விழவில்லை.

கணக்கைப் பாருங்கள். கோடையில் காய்ந்த எங்கள் கரையோர மணலில் புவித்தொடுப்புக் (எர்த்) கம்பிக்கு 100 ஓம் தடை என்று வையுங்கள். உயிர்க்கம்பி நேரடியாகவே மோட்டர் உடம்பில் முட்டினாலும் 230ஐ 100ஆல் பிரித்து 2.3 அம்பியர்தான் ஓடும், 16 அம்பியர் எம்சிபி அதைச் சட்டையே செய்யாது, உடம்பு கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டோடு அடுத்த கைக்காகக் காத்திருக்கும். வீட்டு ஆர்சிசிபிக்கு 30 மில்லியம்பியர், அதாவது 0.03 அம்பியர் போதும். மண்டூர்த் திருவிழாவுக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறிப் போன தலைகளையும் திரும்பி வந்த தலைகளையும் துறையில் நின்று ஒருவர் எண்ணுவது போல, உயிர்க்கம்பியில் போனதும் நொதுமற்கம்பியில் (நியூட்ரல்) வந்ததும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம், கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும்.

அதனால் கசிவுவெட்டி. பாக்குவெட்டி, நகவெட்டி மாதிரி, வாயில் நிற்கும். எம்சிபிக்கு மிகைவெட்டி என்று சோடி சேர்த்துவிட்டால் "உங்கட வீட்டில் கசிவுவெட்டி இருக்கா, மிகைவெட்டி மட்டும்தானா?" என்று கேட்கலாம். இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்குத் தமிழ் இல்லை.

ஒழுக்குவெட்டி என்றும் யோசித்தேன், எங்கள் பேச்சில் கூரை ஒழுகத்தானே செய்கிறது. ஆனால் பத்திரிகைகள் எந்தக் கடை எரிந்தாலும் 'மின்னொழுக்கு' என்று எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன. அவர்கள் சொல்வது பெரும்பாலும் குறுஞ்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). போதாததற்கு ஒழுக்கத்தை வெட்டுகிறவன் என்று யாராவது சிரிப்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் 'வெட்டி' என்றாலே வேலையில்லாதவன் என்பார்கள், சரி, சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு 'உயிர்காப்பான்' என்று பெயர் எழுதிய அக்கா மன்னிக்க வேண்டும், அதை நான் ஏற்கமாட்டேன். காய்ந்த பலகையில் நின்றுகொண்டு ஒரு கையில் உயிர்க்கம்பியும் மற்றக் கையில் நொதுமலும் பிடித்தால் போனது அப்படியே திரும்பி வரும், எண்ணிக்கை பிழைக்காது, அது விழாது, ஆள் போய்விடுவார். அவ்வளவு நம்பிக்கை கொடுக்கிற பெயரைச் சாமானில் ஒட்டக்கூடாது.

இன்னும் ஒன்று, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானுக்கு 'சோதனைக்குமிழ்' போதுமா? மாதம் ஒருக்கா அதை அமுக்கிப் பார்க்க வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆர்சிசிபி வழியான பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்தபிறகு போன கிழமை மாமி அமுக்கிவிட்டு அடுப்படியிலிருந்து கத்தினா: "தம்பி, வெட்டி விழுந்திட்டு!"