நிலவின் வளம் யாருக்கு? ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது சரியா?

தென்திசையான்:
நிலவு ஆய்வில் நாடுகள் நடந்துகொள்ளும் முறை பற்றி அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் 2023 ஜூன் 21 அன்று இந்தியா கையெழுத்திட்டதைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அதன் 10, 11ஆம் பிரிவுகளைப் படித்தார்கள் என்பது ஐயமே. விண்வெளியின் எப்பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை. வளங்களை எடுப்பது தன்னளவில் அவ்வாறு தனதாக்குவது ஆகாது என்று 10ஆம் பிரிவு அதற்கு ஒரு புறவாசல் திறந்துவிடுகிறது.

கதிரொளி:
இது சட்டப்படி கட்டுப்படுத்தாத அரசியல் உறுதிமொழி மட்டுமே என்பதைத் தாங்கள் சொல்லவில்லை. ஆழ்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. ஆயினும் அங்கே பிடித்த மீன் பிடித்தவருக்கே உரியது. அப்போலோ பயணங்களில் வந்த 382 கிலோ பாறையும் மண்ணும் அமெரிக்காவிடமே இருந்தன. லூனா கலங்கள் கொண்டுவந்த மண்ணை சோவியத் ஒன்றியம் வைத்துக்கொண்டது. இதை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லையே.

தென்திசையான்:
மீனைச் சொன்ன தாங்கள் அதே கடலின் தரையை ஏன் மறந்தீர்கள்? அங்குள்ள கனிமங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1982ஆம் ஆண்டுக் கடல்சட்ட உடன்படிக்கை வகுத்தது. அவற்றை மேற்பார்வையிட ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தனி ஆணையமே இயங்குகிறது. நிலவின் தென்துருவத்தில் ஷாக்கிள்டன் போன்ற பள்ளங்களின் அடித்தளம் வெயிலையே காணாதது. பனிக்கட்டியை அங்கேதான் தேடுகிறார்கள். விளிம்பிலோ ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும் இடங்கள் மிகச் சில, அவையும் சிறியவை. அங்கே முதலில் சூரியத் தகடுகளை நாட்டி, 11ஆம் பிரிவின்படி பிறர் பணி இடையூறு செய்யாதிருக்கச் சுற்றிலும் ‘பாதுகாப்பு வலயம்’ அறிவித்துவிட்டால், கொடி நட வேண்டிய தேவையே இராது.

முகிலரசி:
வலயத்தை வெறும் சூழ்ச்சியாகக் காண்பதை ஏற்க இயலவில்லை. 1969 நவம்பரில் அப்போலோ 12, முன்பே இறங்கியிருந்த ஆளில்லா அமெரிக்கக் கலமான சர்வேயர் 3இலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான தொலைவில் தரையிறங்கியது. வீரர்கள் கழற்றி வந்த அதன் கேமராவை ஆராய்ந்தபோது, இறங்கிய கலம் கிளப்பிய தூசி அதன் மேற்பரப்பை அரித்திருந்தது தெரியவந்தது. காற்றில்லாத இடத்தில் அத்தூசியின் வேகத்தைத் தணிக்க எதுவுமில்லை. மேலும், வலயம் தற்காலிகமானதாக இருக்க வேண்டும், பிறர் தடையின்றிச் செல்லும் உரிமை மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

தென்திசையான்:
தூசி பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் அண்டை வீட்டாரோடு பேசினால்தானே வலயம் பயன்படும்? நிலவில் ஆய்வு நிலையம் அமைக்க 2021இல் தனியே உடன்பட்ட சீனாவும் ரஷ்யாவும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. நாசா சீனாவுடன் நேரடியாக ஒத்துழைப்பதையோ 2011 முதல் அமெரிக்கச் சட்டமே பெரிதும் முடக்கி வைத்திருக்கிறது. நமக்கும் கையெழுத்து கட்டாயத் தேவையாக இருக்கவில்லை. 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நாசாவின் கருவியைச் சுமந்து சென்று நீர்த்தடயம் கண்டபோது இந்த ஒப்பந்தமே கிடையாது.

கதிரொளி:
1990களில் ரஷ்யா தரவிருந்த கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எஞ்சின்) தொழில்நுட்பம், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டித் தடுக்கப்பட்டபோது, அவ்விதிகளை வகுத்த குழுவில் நாம் இல்லை, 2016இல்தான் உறுப்பினரானோம். இன்னொரு முறை வெளியே நின்று விதிகளைப் படிக்க வேண்டுமா? தாய்லாந்து சீனத் திட்டத்திலும் சேர்ந்து, 2024 டிசம்பரில் இதிலும் கையெழுத்திட்டிருக்கிறது.

தென்திசையான்:
அப்படியானால் வியன்னாவில் ஐ.நா. விண்வெளிக் குழுவின் கீழ் விண்வளங்கள் பற்றிய பணிக்குழு இருக்கிறதே, சீனாவும் ரஷ்யாவும் உட்காரும் மேசை அதுதான். வலயத்தின் பரப்பையும் காலவரம்பையும் அங்கே இந்தியா முன்மொழியட்டும். வாஷிங்டனில் இட்ட கையெழுத்து சட்டப்படி கட்டுப்படுத்தாதது என்று தாங்களே சொல்லிவிட்டீர்கள், எனவே அது இதற்குத் தடையில்லை.