14 வாய்தா, ஒரு பில்

நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கிறேன். இலவச சட்ட உதவிப் பட்டியலில் பெயர் கொடுத்து வழக்கு நடத்துகிறவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் பில்லில்தான், அதாவது வழக்கு முடிந்ததும் நம் ஃபீஸுக்காக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கொடுக்கும் பில்லில்தான் வந்து நிற்கும். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், புதிதாகச் சேர்கிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

சில வருஷம் முன்னால் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். குடும்ப வன்முறை வழக்கு, இரணியல் கோர்ட், சட்ட உதவி வழியாக எனக்கு ஒதுக்கியது. பேசி முடித்து எழுந்தவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த 500 ரூபாய்த் தாளை மேஜையில் வைத்தார். வேண்டாம் அக்கா, உள்ளே வையுங்கள் என்றேன். "ஒண்ணும் வாங்காம எனக்காவப் பேசுவியளா சாரே?" என்று கேட்டார். காசு தராவிட்டால் வக்கீல் வாய்தாவுக்கு வரமாட்டார் என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இலவச சட்ட உதவிக்கான 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, பட்டியல் வக்கீல் கட்சிக்காரரிடம் ஃபீஸ் கேட்கவோ வாங்கவோ கூடாது என்பதும் விதி. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், முழுசாக நம்பியது மாதிரி தெரியவில்லை. அந்த முகத்துக்காகவே ஒரு வாய்தாவும் தவறவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். 14 வாய்தா. குடியிருக்கும் உரிமைக்கும் மாதத் தொகைக்கும் உத்தரவு வாங்கினோம்.

வழக்கைப் பார்த்தேனே தவிர பில்லைப் பார்க்கவில்லை. வழக்குக் காகிதக் கட்டை அலமாரியில் வைத்ததோடு சரி. நாலு மாதம் கழித்து ஆபீஸ் வாடகையும் குமாஸ்தா சம்பளமும் ஒரே வாரத்தில் நெருக்கின பிறகுதான் அந்த ஞாபகமே வந்தது. அப்போது உட்கார்ந்தால் எந்தத் தேதியில் விசாரணை நடந்தது, எந்தத் தேதியில் சும்மா வாய்தா போனது என்று டைரியில் பாதிக்கு மேல் இல்லை. உத்தரவு நகலுக்கு அப்புறம்தான் மனு போட்டேன். பில் கொடுத்தேன், ஒதுக்கீட்டுக் கடிதத்தின் நகல் இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. இணைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வங்கி விவரம். எங்கள் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிப்போயிருந்தது, நான் பழைய எண்ணையே எழுதியிருக்கிறேன். இதற்குள் நிதியாண்டு முடியும் மார்ச் 31 தாண்டிவிட்டது. வழக்கு முடிந்து பதினோராவது மாதத்தில் பணம் வந்தது. நடுவில் மனைவியின் வளையல் கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போய் வந்தது, அதை இப்போது எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் புரியும். தேசிய ஆணையத்துக்கும் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சட்ட உதவி நிதி சட்டத்திலேயே உண்டு, மேலிருந்து கீழே இறங்கி மாவட்ட நிதியில் சேர்ந்த பிறகுதான் நம் பில்லுக்குக் காசு. முடிவறிக்கை கொடுத்ததும் தாமதமில்லாமல் தர வேண்டும் என்றுதான் தேசிய ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆனால் நிதி வராத மாதத்தில் யாரைக் கேட்டு என்ன? அந்த வரிசையில் நம் காகிதம் குறையில்லாமல் முன்னால் நிற்கிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதனால் இப்போது வழக்கு ஒதுக்கிய அன்றே ஒரு தனி உறை போடுகிறேன். ஒதுக்கீட்டுக் கடிதம் அதில் முதல் தாள். ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கோர்ட் வராந்தாவிலேயே நின்று உறையின் மேல் தேதியும் நடந்ததும் எழுதிவிடுவேன், ஆபீஸ் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுத மாட்டோம். தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு. சமரசமாக முடிக்கிற லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் இன்னும் நல்லது, உத்தரவு நகல் கட்சிக்காரருக்கு இலவசமாகவே கிடைக்கும், அந்த வாரமே பில் போய்விடும். நகல், தபால் மாதிரி கைச்செலவுகளையும் ரசீதோடு உறையில் போட்டு வையுங்கள், சின்னத் தொகைதானே என்று விட்டதெல்லாம் வருஷக் கடைசியில் கூட்டினால் தெரியும்.

வரி விஷயம் ஒன்று. ஒரே இடத்திலிருந்து ஒரு நிதியாண்டில் வரும் ஃபீஸ் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துத்தான் தருவார்கள் (2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000). பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். மூணு வருஷத்துப் பில் ஒரே வருஷத்தில் வந்தால் திடீரென்று வரம்பைத் தாண்டும், ஆகவே எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரி அறிக்கையை எடுத்துப் பார்த்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேளுங்கள், அது நம் காசு.

2022இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, பில் கவலை இல்லை, ஆனால் தனி வழக்கு எடுக்க முடியாது. கிரிமினலில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு அங்கே போக, குடும்ப வழக்கும் சிவிலும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களிடம்தான் வருகின்றன. அதை விட எனக்கு மனசில்லை. என் அப்பா மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் வெட்டினவர். மழை தொடங்கினால் வெட்டு நின்றுவிடும் என்று தெரிந்து, அடுக்களைப் புகையில் ஷீட்டைக் காயவைத்து அடுக்கி வைப்பார், ஜூனில் எங்கள் ஸ்கூல் ஃபீஸ் அதிலிருந்துதான். நானும் சட்ட உதவிப் பணத்தை மாதச் செலவுக்கென்று எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வாடகையும் சம்பளமும் மற்ற வழக்கிலிருந்து, இது வந்தால் தனிக் கணக்கில்.

போன மாதம் விளவங்கோடு பக்கம் ஒரு ரப்பர் வெட்டும் அண்ணாச்சியின் வழக்கு லோக் அதாலத்தில் முடிந்தது. உறையில் எல்லாம் இருந்தது, மூணாம் நாள் பில் கொடுத்து கையெழுத்து வாங்கிவிட்டேன். நிலுவையில் இருப்பதை நோட்டில் பென்சிலால் எழுதி, வந்ததும் பேனாவால் மேலே எழுதுவது என் பழக்கம். அந்த வரி இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.