புது அலாய் போட்ட பிறகு 80-ல் ஸ்டியரிங் நடுங்குகிறது

பள்ளத்தூர்க்காரன்:
2019 ஸ்விஃப்ட், 14 இஞ்ச் இரும்பு வீலோடு வந்த வண்டி. போன வாரம் காரைக்குடியில் ஒரு கடையில் 15 இஞ்ச் அலாய் (அலுமினியக் கலவை) வீலும் 185/65 டயரும் போட்டேன். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை, திருமயம் தாண்டி திருச்சி ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் படபடக்கிறது. பேலன்சிங், அதாவது வீலின் எடை சுற்றிலும் சமமா என்று, இரண்டு தடவை பார்த்தாயிற்று. கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்கிறார். பழைய வீலிலும் இதே ரோட்டில்தானே ஓட்டினேன்?

தேவகோட்டை டீசல்:
அண்ணே, ஒரு வீலைக் கழற்றி நடு ஓட்டையைப் பாருங்கள். அந்த ஓட்டைக்குள் நுழைகிற அச்சு முனைதான் ஹப், ஸ்விஃப்டில் அது 54.1 மி.மீ. வெளியில் விற்கிற அலாய் பல கம்பெனி வண்டிக்கும் ஆகட்டும் என்று 67.1, 73.1 என்று பெரிய ஓட்டையோடு வரும். நான்கு நட், 100 பிசிடி (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) ஒத்துப்போனால் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் ஹப்பைச் சுற்றி இடைவெளி இருப்பதால் வீல் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்துவிடும். பேலன்சிங் மெஷினில் கோன் வைத்து நடுவில் நிறுத்துவதால் அங்கே சைபர்தான் காட்டும். அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

கானாடுகாத்தான் ஸ்பானர்:
ரிங் போடும் முன் ஹப் முகத்தில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டின் சரிவும் அலாய்க் குழியின் சரிவும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய நட் எல்லா அலாய்க்கும் சரிப்படாது. ஜாக்கியில் நிற்கும்போதே நட்டைக் கையால் ஓட்டி, எதிரெதிராக இறுக்கி, கீழே இறக்கிய பிறகு டார்க் ஸ்பானரில் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது) மேனுவலில் உள்ள அளவுக்கு முடியுங்கள். ஏர் கன்னை வைத்துக் கடைப் பையன் நான்கு அடி அடித்தால் அதற்குப் பெயர் இறுக்குவது இல்லை. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
பார்த்தேன். ஓட்டை 73.1, சுற்றிலும் சுண்டுவிரல் நுனியே போகிறது! ரிங் போட்டதும் 100-லும் ஆட்டம் இல்லை. ஆனால் நேற்று ஆச்சியையும் சேர்த்து ஐந்து பேராகப் பிள்ளையார்பட்டி போனபோது, ஸ்பீடு பிரேக்கரில் பின் டயர் மட்கார்டில் உரசியது.

தேவகோட்டை டீசல்:
அது ஆஃப்செட், அதாவது ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. வீலின் உட்புறம் ஈடி என்று ஓர் எண் இருக்கும், அது குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். டயரைக் குறை சொல்ல முடியாது, 185/65-15 உயரத்தில் உங்கள் பழைய 165/80-14 அளவுதான். மட்கார்டை வெட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ரசீதோடு போய் ஈடி கூடுதலாக உள்ள செட்டாக மாற்றிக் கேளுங்கள். அப்புறம், பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஸ்டெப்னி இன்னும் இரும்பு வீல்தானே.