துப்பாக்கி உரிமம் வைத்திருப்போருக்கான தற்காப்புச் சட்ட வகுப்பு: பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: பழைய வண்ணை வணிகர்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நகை அடகுக் கடை இருக்கிறது. அப்பா வைத்திருந்த ரிவால்வருக்கு, அவர் மறைவுக்குப் பின் முறைப்படி விண்ணப்பித்து என் பெயரில் உரிமம் பெற்றிருக்கிறேன். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். ஆனால் எந்த நிலையில் சுடுவதைச் சட்டம் ஏற்கும், எந்த நிலையில் அது என்னையே கொலைக் குற்றவாளியாக்கும் என்பதை இதுவரை யாரும் தெளிவாகச் சொல்லித் தரவில்லை. இப்போது ஒரு தனியார் பயிற்சி நிலையம் உரிமதாரர்களுக்கென்று ஒருநாள் வகுப்பை அறிவித்து, ஐயாயிரம் ரூபாய் கட்டணம் கேட்கிறது. நடத்துபவர் துப்பாக்கி சுடும் பயிற்றுநர், வழக்கறிஞர் அல்லர். அவர்கள் அனுப்பிய மாதிரிக் காணொலியில், அமெரிக்காவில் திருடனைச் சுட்டு விடுதலையானவர்களைப் பற்றிய செய்திகளே நிறைந்திருந்தன. இதில் சேர்வதால் பயன் உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பாரிமுனை வழக்கறிஞர்

ஐயா, சட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற உங்கள் எண்ணம் மிகவும் சரியானது. ஆனால் நீங்கள் விவரிக்கும் இந்த வகுப்பில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்புரிமை பற்றிய பழைய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், இப்போது 34 முதல் 44 வரை உள்ளன. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் 37ஆம் பிரிவு வரையறுக்கிறது. பொருளைக் காக்கும்போது எந்தெந்தக் குற்றங்களுக்கு எதிராக உயிரைப் பறிக்கும் அளவுக்கு உரிமை நீளும் என்பது 41ஆம் பிரிவில் உள்ளது. பகலில் ஒருவன் உங்கள் மேசையிலிருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடினால் அது திருட்டு மட்டுமே. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று அஞ்ச நியாயமான காரணம் இல்லாதபோது அவனைக் கொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. அதே ஆள் கத்தியைக் காட்டி மிரட்டிப் பறித்தால் அது கொள்ளையாகிவிடுகிறது, உங்கள் உரிமையும் விரிகிறது.

ஆனால் அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில்தான் கடைக்காரர்கள் பெரும்பாலும் தவறான எண்ணம் கொண்டிருக்கிறார்கள். கொள்ளையைப் பொறுத்தவரை, கொள்ளையன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு செய்யும்வரை அல்லது செய்ய முயலும்வரை, யாரையாவது சட்டவிரோதமாகத் தடுத்து நிறுத்தும்வரை, அல்லது இவற்றை உடனடியாகச் செய்துவிடுவான் என்ற அச்சம் இருக்கும்வரை மட்டுமே உரிமை நீடிக்கும் என்கிறது 43ஆம் பிரிவு. அவன் பையோடு வெளியேறி எம்.சி. ரோட்டில் பைக்கில் ஏறிவிட்ட பிறகு முதுகில் சுட்டுவிட்டு, அது தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். சுட்டது தற்காப்புக்காகவே என்று காட்டும் பொறுப்பும் சுட்டவரையே சேரும். அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

பஞ்சாபைச் சேர்ந்த தர்ஷன் சிங் வழக்கை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. தந்தையை வெட்டியவரை அவர் துப்பாக்கியால் சுட்டது 1991இல். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்றது, உச்ச நீதிமன்றம் 2010இல்தான் அவரை மீண்டும் விடுவித்தது. ஆபத்து எதிரே நிற்கும்போது கோழையைப் போல நடந்துகொள்ளும்படி சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அத்தீர்ப்பு சொல்வது உண்மைதான். அந்த ஒரு வரியை மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டு, இடையில் கழிந்த ஆண்டுகளைச் சொல்லாமல் விடுவது மாணவருக்குச் செய்யும் துரோகம்.

பதில் 2: திருவொற்றியூர் முன்னாள் படைவீரர்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், வங்கியில் ஆயுதக் காவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே வழக்கறிஞர் ஐயா சொன்னவை சுடுவதற்கு முந்தைய சட்டம். சுட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் நல்ல வகுப்பு சொல்லித் தர வேண்டும். 112ஐ அழைப்பது, இடத்தைக் கலைக்காமல் விடுவது, துப்பாக்கியைச் சான்றுப் பொருளாகக் கைப்பற்றுவார்கள் என்பதை அறிந்திருப்பது, வழக்கறிஞரோடு கலந்துபேச அரசமைப்பின் 22ஆம் பிரிவு தரும் உரிமையைக் கேட்டுப் பெறுவது ஆகியவை பதற்றத்தில் தாமாக நினைவுக்கு வருவதில்லை.

ஆயுதச் சட்டத்தில் 2019இல் சேர்த்த ஒரு பிரிவையும் கவனியுங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாகச் சுட்டால், யார் மீதும் தோட்டா படாவிட்டாலும், இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வண்ணாரப்பேட்டையில் தீபாவளி நெருங்கும் நாட்களின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எச்சரிப்பதற்காக வானத்தை நோக்கிச் சுடலாம் என்று எந்தப் பயிற்றுநராவது சொன்னால் அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பதில் 3: பெரம்பூர் வாசகி

என் அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார், அவரும் இத்தகைய வகுப்புக்குச் சென்றவர். அந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டப்படி, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இரவில் திருடிய பொருளோடு தப்பி ஓடுபவன் மீதும் உயிர்போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் அவ்வாறு செய்தால் சிறைக்குப் போக நேரிடும் என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் இந்தச் சட்டம் மாறுவதால், அண்ணன் சென்ற வகுப்பில் அந்த மாநிலத்து வழக்கறிஞரே பாடம் நடத்தினார். அங்கே அப்படியிருக்க, இங்கே அந்நாட்டு வழக்குகளைக் காட்டிப் பணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய வண்ணை வணிகர்

அனைவருக்கும் நன்றி. பாடத்திட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் உள்ளனவா, கொலை வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் எவரேனும் பாடம் எடுக்கிறாரா என்று பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வராவிட்டால், அந்தத் தொகையைக் கொண்டு குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் ஆலோசனை பெறலாம் என்றிருக்கிறேன். ஒரு சந்தேகம்: கடையை நான் இல்லாத நேரத்தில் என் தம்பி பார்த்துக்கொள்கிறான். அவனையும் அழைத்துச் செல்ல வேண்டுமா?

பாரிமுனை வழக்கறிஞர்

கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் உரிமம் உங்கள் பெயரில் மட்டுமே இருப்பதால், நீங்கள் இல்லாத நேரத்தில் ரிவால்வர் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. உரிமம் இல்லாதவர் அதை வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆலோசனைக்குச் செல்லும்போது உரிமப் புத்தகத்தையும் எடுத்துச் சென்று, அதில் எழுதியுள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லுங்கள்.