நிற்கும் தேக்கை அளப்பது எப்படி? வியாபாரி அளவும் என் அளவும் ஒத்துவரவில்லை

வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி பக்கம்:

வணக்கமுங்க. அப்பா வரப்போரம் நட்டுவிட்டுப் போன தேக்கு 38 மரம் நிற்கிறது. வயது இருபத்திரண்டு. தங்கச்சி கல்யாணச் செலவுக்குப் பத்து மரம் கொடுக்கலாம் என்று ஒரு வியாபாரியை வரச்சொன்னோம். அவர் பச்சை நைலான் கயிற்றை மரத்தைச் சுற்றி இறுக்கி இழுத்து, நுனி வந்து சேர்ந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, அப்புறம் கயிற்றைத் தரையில் போட்டு டேப் வைத்துப் பார்த்தார். கிணற்றடி மரத்துக்கு 34 அங்குலம் என்று எழுதினார். அவர் போனதும் அம்மாவின் தையல் டேப்பால் நானே சுற்றிப் பார்த்தேன். 36 வருகிறது. வாய்க்கால் கரைச் சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டில் நின்றால் ஓர் அளவு, பள்ளத்தில் நின்றால் வேறு அளவு. எந்த இடத்தில், எப்படி அளக்க வேண்டும்? அவரைக் குறை சொல்ல வரவில்லை. அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரம், அளவே தெரியாமல் கொடுக்க மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற வனவர், பொள்ளாச்சி:

தம்பி, முதலில் உயரம். நம் நாட்டில் வனத்துறை அளக்கிற உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. மார்பு உயரம் என்று பெயர், ஆனால் ஆளுக்கு ஆள் மார்பு மாறும். அதனால் மூங்கில் குச்சி ஒன்றை நாலரை அடிக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் குச்சி கையிலேயே இருந்தது. பல வெளிநாடுகளில் 1.3 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத் தரையில் குச்சியை ஊன்றுங்கள். பள்ளத்திலிருந்து அளந்தால் அடிமரம் விரிந்த பாகத்தில் டேப் விழும், அளவு கூடிப்போகும். சாய்ந்த மரத்தில் தண்டோட்டமாகவே நாலரை அடி போங்கள். நாலரை அடிக்குக் கீழேயே கவை பிரிந்திருந்தால் அது இரண்டு மரம். அளக்கிற இடத்தில் முண்டு இருந்தால், மேலும் கீழும் ஒரே தூரத்தில் இரண்டு அளவெடுத்துச் சராசரி போடுங்கள்.

உங்கள் இரண்டு அங்குல வித்தியாசத்துக்கு வருகிறேன். நைலான் கயிறு இழுத்தால் நீளும். மரத்தில் இறுக்கிப் பிடித்து, தரையில் தளர்த்திப் போட்டால் சுருங்கி, அளவு குறையும். உங்கள் பக்கமும் பாருங்கள்: தனியாக அளக்கும்போது மரத்தின் பின்பக்கம் டேப் நழுவிக் கோணலாக இறங்கியிருக்கும். கோணல் டேப் எப்போதும் அளவைக் கூட்டித்தான் காட்டும். பின்னால் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஏறியிருக்கும் கொடியையும் தளர்ந்த பட்டையையும் எடுத்துவிட்டு அளங்கள்.

விட்டம் வேண்டுமானால் சுற்றளவை 3.14-ஆல் வகுக்கலாம். 36 அங்குலச் சுற்றுக்கு ஏறக்குறைய பதினொன்றரை அங்குலம். இந்தக் கணக்கைப் போடாமல் நேராக விட்டத்தையே காட்டும் டேப்பும் இருக்கிறது. காலிப்பர் (தண்டை இரு பக்கமும் கவ்விப் பிடித்து விட்டம் பார்க்கும் கருவி) வைத்தால் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அளவு எடுக்க வேண்டும், ஏனென்றால் எந்த மரமும் சுத்த வட்டம் இல்லை. பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கு மாதிரிச் சுற்றளவே ஏழு மீட்டர் வரும் மரத்துக்குக் காலிப்பர் எங்கே எட்டும்? டேப்தான்.

மரக்கடைக்காரர், மேட்டுப்பாளையம்:

ஐயா சொன்னது அத்தனையும் சரிங்க. கணக்குப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் கால் சுற்று முறை. சுற்று 36 அங்குலம், அதாவது 3 அடி; அதில் கால் பங்கு 0.75 அடி. நீளம் 12 அடி என்றால் 0.75 × 0.75 × 12, 6.75 கன அடி. சுற்று 34 ஆனால் 6.02. இரண்டு அங்குலம் முக்கால் கன அடியைத் தின்றுவிடுகிறது பாருங்கள். இன்னொன்று, உருளைக் கணக்குப்படி 36 சுற்றுக்கு 8.59 கன அடி வரும். கால் சுற்று முறை அதில் நூற்றுக்கு 78 பங்குதான் கொடுக்கும். அறுக்கும்போது போகிற சேதத்துக்கு விடுவது அது, வியாபாரி ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் மார்பு உயரச் சுற்றை வைத்து முழுத் தண்டுக்கும் விலை பேசாதீர்கள், மேலே போகப் போக மரம் ஒல்லியாகும். வெட்டிய பிறகு துண்டின் நடுச் சுற்றை அளந்து பேசினால் இருவருக்கும் நியாயம்.

வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி பக்கம்:

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றிங்க அண்ணா. நேற்றுச் சாயங்காலம் குச்சி வெட்டி, அம்மாவைப் பின்னால் நிறுத்தி மறுபடி அளந்தேன். முதல் மரத்திலேயே "டேப்பு கீழே கிடக்குது, மேலே தூக்கு" என்றார். கிணற்றடி மரம் முப்பத்தைந்தே கால். என் 36-உம் தப்புதான். சரிவு மரம் மேட்டிலிருந்து முப்பத்தொன்றரை. வியாபாரியிடம் போனில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து கூட நின்று அளக்கிறேன் என்றார். நடுச் சுற்று விஷயத்துக்கும் சம்மதம்.

கதவுக்கு அடித்து மீந்த நீலப் பெயின்ட் இருந்தது. கொடுக்காத 28 மரத்திலும் நாலரை அடியில் ஒரு கோடு போட்டு நம்பர் எழுதிவிட்டேன். அடுத்த தை மாதம் அதே கோட்டில் டேப் வைப்பேன்.