பைக்கற் சாமானை விட்டவர்கள் இங்கே எழுதுங்கள் (திருகோணமலை)

உவர்மலை வாசி

எங்கள் வீட்டில் நூடில்ஸ், சூப் கட்டி, தேங்காய்ப்பால் மா, சொசேஜ் எல்லாவற்றையும் நிறுத்திக் கொஞ்சக் காலம் ஆகிறது. மாதச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல. போன சம்பள நாளில் கண்ட ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

டவுனில் சுப்பர் மார்க்கட் வரிசை. எனக்கு முன்னால் ஒரு இளம் பிள்ளை, இடுப்பில் குழந்தை. பில் போட்டு முடிந்ததும் காசு பற்றவில்லை. எதை எடுக்கட்டும் என்று காசாளர் கேட்டார். அந்தப் பிள்ளை யோசிக்கவே இல்லை. பருப்பையும் தேங்காயையும் தூக்கி ஓரமாக வைத்தாள். நூடில்ஸ் அப்படியே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, நூடில்ஸை வச்சிட்டுப் பருப்பை எடுங்களேன், ரெண்டு நாளைக்கு வரும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "காஸ் முடிஞ்சு போச்சு அக்கா. விறகு மூட்ட வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். அறையில கேத்தில் மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பருப்புக்கு நான் காசு கொடுத்திருக்கலாமே என்று யாரும் எழுத வேண்டாம். கொடுத்தாலும் அவள் அதை எதில் வேகவைப்பாள்? வீட்டில் சமைத்தால் மிச்சம் என்று நாம் சொல்வது அடுப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தானா? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பாலையூற்று அம்மா

நான் கடைக் கறித்தூள் வாங்குவதில்லை. 2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, மஞ்சளைக் கண்ணால் காண முடியாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் வாங்கி, வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பேன்.

மில்லில் ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு ஆச்சி. குச்சவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தவர். மில்காரத் தம்பி அவருடைய மிளகாயைக் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தார். முறியவில்லை. "ஆச்சி, இது இன்னும் ஈரம். இப்படியே அரைச்சா பூஞ்சணம் பிடிச்சிடும். இன்னொரு வெயில் காட்டிக் கொண்டு வாங்க" என்றார். ஆச்சி ஒன்றும் பேசாமல் வெளியே போனார். பஸ் ஏறப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்கை விரித்து மிளகாயை மில் முற்றத்திலேயே காயப்போட்டார். பக்கத்தில் குந்திக்கொண்டார், கையில் காகம் விரட்ட ஒரு தடி. "திரும்பிப் போய் வாற பஸ் காசுக்குத் தூளே வாங்கலாம் பிள்ளை" என்றார்.

என் தூளை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டுப் பின்னேரம் அந்த வழியால் வந்தேன். ஆச்சி அங்கேயேதான் இருந்தார். சூரியன் போகிற பக்கமாகச் சாக்கை இழுத்து இழுத்து மாற்றியிருந்தார். மிளகாயைக் கையால் அளைந்த பிறகு அந்தக் கை எப்படி எரிந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்தானே. மில் பூட்டும் நேரத்துக்குள் அரைத்துக் கொடுத்தார்களா என்று தெரியாது. அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

கிண்ணியா நானா

பாலையூற்று அக்கா சொல்வது சரி, ஆனால் தூளில் மிஞ்சுகிற காசு பெரிய காசு இல்லை. காசு போவது மீனில். மாரியில் வாடை கிளம்பிவிட்டால் படகு இறங்காது, இறங்கினாலும் மீன் விலைக்குக் கிட்டப் போக முடியாது. அப்போது எல்லா வீட்டிலும் டின் மீன்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, உம்மா அந்த டின்னைப் பார்க்கும் வரை.

உம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. மகளைக் கூப்பிட்டு, டின்னில் எழுதியிருப்பதை முழுக்க வாசிக்கச் சொன்னார். பிள்ளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து, "தேறிய எடை 425 கிராம், வடித்த எடை 280 கிராம்" என்றது. "நில்லு, அது ரெண்டையும் திரும்ப வாசி" என்றார் உம்மா. திரும்ப வாசித்தது. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப மிச்சம் தண்ணிக்கா மகன் காசு குடுத்த?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மீனே அல்ல. வெறும் உப்புத் தண்ணீர்.

இப்போது கடல் படுத்திருக்கிற மாதங்களில் கீரி, சூடை, நெத்தலி மலியும்போது கூடையாக வாங்கி, உப்புப் போட்டு, வலை மூடிக் காயவைத்து விடுகிறோம். மாரியில் கத்தரிக்காயோடு போட்டு ஆணம் காய்ச்சினால் பிள்ளைகள் டின் மீனைத் தேடுவதில்லை. பைக்கற் சாமானை விடுகிறவர்கள் முதலில் டின் மீனை விடுங்கள், தூளைப் பிறகு பார்க்கலாம்.

போர்டிங்காரன்

நானா, கருவாடு காயப்போட முற்றம் வேண்டும். அக்கா, தூள் வறுக்க அடுப்பு வேண்டும். நான் டவுனில் ஒரு போர்டிங் அறையில் இருக்கிறேன், ஒற்றை மின்னடுப்பு, பிரிட்ஜ் இல்லை. தேங்காய்ப்பால் மாவையும் நிறுத்தியதாக உவர்மலை அக்கா எழுதியிருக்கிறார். ஒரு ஆளுக்குச் சொதி வைக்க இரண்டு கரண்டி மா போதும். தேங்காய் உடைத்தால் மற்றப் பாதி அடுத்த நாளே வழுவழுத்துப் போகும். வீசுகிற பாதியையும் சேர்த்து விலை பார்த்தால் எது மலிவு?

சரி, என் அனுபவம். தேங்காய் விலை ஏறிக் கிடந்த நேரம், சந்தையில் ஒரு ஐயாவிடம் பாதித் தேங்காய் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், "நில்லுங்க தம்பி, மற்றப் பாதிக்கு ஆள் வரட்டும்" என்றார். நின்றேன். வெயில். கன நேரத்துக்குப் பிறகு ஒரு அம்மா வந்தார். ஐயா என்னைக் காட்டி விஷயத்தைச் சொல்ல, அவர் உடனே சம்மதித்தார். உடைத்ததும் அந்த அம்மா இரண்டு பாதியையும் வாங்கிப் பார்த்து, கண் உள்ள பாதியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "கண் பக்கம்தான் முதல்ல பழுதாகும். நான் இப்பவே போய்ச் சமைச்சிடுவன். மற்றது உங்களுக்கு நாளைக்கும் நிக்கும்" என்றார். யார் எவர் என்று கேட்கவுமில்லை. நல்ல பாதியை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பால் மா வாங்குகிறேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஐயாவிடம் போகும் நாட்களில் வாங்குவதில்லை.

லிங்கநகர் மாமி

எல்லோரும் வாசியுங்கள், உதவும். கேத்தில் மட்டும் வைத்திருக்கிற அந்தப் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. அவல் வாங்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பூப்போல மெதுவாகும், தேங்காய்ப்பூவும் சீனியும் போடலாம், கிண்ணியாத் தயிரும் வாழைப்பழமும் போட்டால் பசி கிட்ட வராது. பயறு ஊறவைத்து முளைகட்டி, சுடுதண்ணீரில் நன்றாக ஊறவிட்டு எடுக்கலாம். இன்னொன்று, வாய் அகன்ற பிளாஸ்க். முதலில் வெறும் சுடுதண்ணீர் ஊற்றிப் பிளாஸ்க்கைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, ஊறவைத்த மைசூர்ப் பருப்பைப் போட்டுக் கொதி தண்ணீர் ஊற்றி இறுக்கி மூட வேண்டும். சில மணி நேரத்தில் பருப்பு குழைந்திருக்கும். சூடு ஆறவிடாமல் சாப்பிட்டுவிட வேண்டும், அது முக்கியம்.

அடுப்பு உள்ளவர்களுக்கு: மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலையே இல்லை, கால் மணி நேரத்தில் அவியும். கொண்டைக்கடலை, கௌப்பி இரவே ஊறப்போடுங்கள். ஊறி அவிந்த கடலை காய்ந்த கடலையின் இரண்டு மடங்குக்கு மேல் நிறை வரும். டின்னில் வருகிற அவித்த கடலையில் நீங்கள் காசு கொடுப்பது அந்தத் தண்ணீருக்கும்தான். நன்றாகக் கொதித்ததும் பானையை இறக்கி, பழைய போர்வையால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மிச்ச வேக்காடு தானாக நடக்கும், காஸ் மிஞ்சும். 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நடந்தது. தூள் அரைத்தால் ஆறவிட்டுப் போத்தலில் போடுங்கள், சூட்டோடு மூடினால் கட்டி பிடிக்கும். கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

அப்புறம், கடை இடியப்பம். அதை ஏன் யாரும் சொல்லவில்லை? ஒவ்வொரு இரவும் இடியப்பம் வாங்குகிற வீட்டில் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? அரிசியை ஊறவைத்து இடித்து, மாவை வறுத்து வைத்தால் கிழமைக்கு வரும். நூடில்ஸுக்குச் சொல்வதுதான் இடியப்பத்துக்கும்.

உவர்மலை வாசி

மாமி, அவல் யோசனை நல்லது. அவளை மீண்டும் கண்டால் சொல்வேன். பிளாஸ்க் விலையை ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். தேங்காயை எடுத்து வைத்தவள் பிளாஸ்க்குக்கு எங்கே போவாள்?

சாம்பல்தீவு

மாமி, நான் இடியப்பம் அவித்து விற்கிறவள். நூடில்ஸோடு என்னைச் சேர்க்காதீர்கள். எங்கள் மாவில் தம்பலகாமத்துப் பச்சையரிசியும் உப்பும் தண்ணீரும்தான். ஒரு அடுப்பில் பத்து வீட்டுக்கு அவிக்கிறேன். அந்தப் பத்து வீடும் தனித்தனியாக அவித்தால் எத்தனை அடுப்பு எரிய வேண்டும் என்று பாருங்கள். காலையில் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு மாவிடிக்க நேரம் எங்கே?

என்னிடம் ஒவ்வொரு இரவும் வாங்குகிற ஒரு மிஸ் இருந்தார். ஒரு நாள் வந்து வாங்காமல் நின்றார். "அக்கா, மா எந்தப் பதத்தில வறுக்கிறீங்க?" என்று கேட்டார். அவருடைய கணவருக்குச் சம்பளம் வெட்டி விட்டார்களாம். நான் அடுப்படிக்குக் கூப்பிட்டு, மாவைக் கையில் அள்ளிக் காட்டினேன். கோலம் போட விரலிடுக்கால் விழுகிற பதம். கொதி தண்ணீரை எவ்வளவு விடுவது, அகப்பைக் காம்பால் எப்படிக் குழைப்பது எல்லாம் காட்டினேன். இடியப்ப உரலைக் கொடுத்தேன், பிழிந்து பார்த்தார். முதல் தட்டு சரியாக வரவில்லை, இரண்டாவது நன்றாக வந்தது. அதைப் பார்த்து அவர் முகம் அப்படி ஒரு சந்தோஷம். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்துதான் காட்டிக் கொடுத்தேன். ஆனாலும் எட்டு மணியானால் கேற்றைப் பார்க்கிறேன்.

சீனக்குடா

எங்கள் ஊர் ஆலையில் 1980 முதல் கோதுமை அரைபடுகிறது. கோதுமை முழுக்கக் கப்பலில் வருவது. டொலர் ஏறினால் பாணும் நூடில்ஸும் சேர்ந்து ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் கிட்டத்தட்ட இருநூறு. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 18 வீதம். பைக்கற் சாமானில் அது விலைக்குள்ளேயே இருக்கிறது, சந்தைக் கீரைக்கட்டில் இல்லை. சாம்பல்தீவு அக்கா சொல்வதுதான் சரி: அரிசிச் சாமானையும் கோதுமை பைக்கற்றையும் ஒன்றாக வைக்க முடியாது.

நான் கண்டது சின்ன விஷயம். அந்த 2022 இல் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற பாண் ஓட்டோத் தம்பி மத்தியானம் வேப்பமர நிழலில் நிறுத்திச் சாப்பிடுவார். ஓட்டோ நிறையப் பாண், பணிஸ், கேக். அவர் மடியில் பேப்பரில் சுற்றிய குரக்கன் ரொட்டியும் சம்பலும். "ஏன் தம்பி, பின்னால இவ்வளவு இருக்கு?" என்று அப்பா கேட்டார். "இது விக்கிற சாமான் ஐயா. இதைத் திண்டா வீட்டுக்கு ஒண்டும் கொண்டு போக ஏலாது" என்றார். அப்பா உள்ளே போய் ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலில்தான் நிறுத்திச் சாப்பிடுவார்.

லிங்கநகர் மாமி

சாம்பல்தீவு பிள்ளை, உங்கள் தொழிலைச் சொல்லவில்லை. ஒவ்வொரு இரவும் வாங்குகிறவர்களைச் சொன்னேன். கிழமைக்கு இரண்டு தரம் வாங்கட்டும், மற்ற நாள் பிட்டு அவிக்கட்டும். பிட்டுக்கு மா குழைக்கும்போது...

சாம்பல்தீவு

மாமி, பிட்டும் நான்தான் விற்கிறேன்.

பாலையூற்று அம்மா

மாமி, கடலைப் பானையைப் போர்வையால் சுற்றிப் பார்த்தேன். ஊறியது போதாமல் நடுவில் கொஞ்சம் கடினமாக இருந்தது. இறக்கும் முன் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?

லிங்கநகர் மாமி

கடலைக்குக் கால் மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சுற்றுவது. பானை நிறைய இருக்க வேண்டும், அரைப் பானையில் சூடு நிற்காது. உப்பைக் கடைசியில் போடுங்கள்.

போர்டிங்காரன்

உவர்மலை அக்கா, எங்கள் போர்டிங்கில் ஒருவர் மாற்றலாகிப் போகிறார். அவருடைய மின்னடுப்பு இருக்கிறது, ஒரு பக்கம் கைப்பிடி உடைந்தது, வேலை செய்யும். அந்தத் தங்கச்சியை அதே கடையில் மறுபடி கண்டால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்காரர் கரண்டுக்கும் ஏதாவது சொல்வாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.