கொல்லையில் ஹாப்ஸ் கொடி: பீருக்கா, வேலிக்கா?

மெட்வே_கொல்லை:
பீர் காய்ச்சும் இழையில் 'உலர்ந்த நாக்கு' போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "வீட்டில் ஹாப்ஸ் வளர்க்கிறவன் தோட்டக்காரன், பீர்க்காரன் அல்ல. நல்ல பீர் வேண்டுமென்றால் பெல்லட் வாங்குங்கள்." அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை. புதியவர்களுக்கு: ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ விடுகிற கொடி; அந்தப் பூவைக் காய வைத்து அரைத்து அழுத்திய குளிகைதான் பெல்லட்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கென்ட். இங்கே ஹாப்ஸ் வேலியோரத்தில் யாரும் நடாமலே ஏறிக் கிடக்கிறது. ஹாப்ஸ் உலர்த்துவதற்காகக் கட்டிய கூம்புக்கூரை ஓஸ்ட் வீடுகள் இன்னும் நிற்கின்றன. கிழக்கு லண்டன் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு செப்டம்பரில் பறிப்பு வேலைக்கு வந்து தங்கிய மாவட்டம் இது. மண்ணும் பகலின் நீளமும் பொருந்துகிற இடத்தில் இருந்துகொண்டு, பூவை மட்டும் பாக்கெட்டில் வாங்க வேண்டுமா?

இந்த ஏப்ரலில் இரண்டு கொடி நட்டிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முழு விளைச்சல் வரும். நன்றாக வந்த ஒரு கொடியில் உலர்ந்த எடையில் அரைக் கிலோ எடுக்கலாம். 20 லிட்டர் பேல் ஏல் வகைப் பீருக்கு 40, 50 கிராம் போதும். கணக்கு யார் பக்கம்?

உலர்ந்த_நாக்கு:
சொன்னது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

எடைக் கணக்கு சரி. ஆனால் ஹாப்ஸை எடையை மட்டும் பார்த்துப் போடுவதில்லை, ஆல்ஃபா அமிலம் பார்த்துப் போடுகிறோம். பூவுக்குள் மஞ்சள் மாவு போல இருக்கிற லூபுலினில்தான் அது இருக்கிறது. கொதிக்கும் வோர்ட்டில் (பீராகப் புளிக்கப்போகும் மால்ட் சாறு) கிடந்து உருமாறினால்தான் கசப்பாகக் கரையும். கடைப் பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும். உங்கள் கொடியில் யார் அச்சடிப்பது?

20 லிட்டருக்கு 30 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறீர்கள், அமிலத்தில் கால் பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பூவில் 5 சதவீதம் இருந்தால் கசப்பு 19 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வரும். 9 சதவீதம் இருந்தால் 34. முதலாவது சாதுவான மைல்ட் ஏல், இரண்டாவது நல்ல கசப்புள்ள பிட்டர் ஏல். இரண்டில் எது வரப்போகிறது என்று தெரியாமல் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதற்குப் பெயர் சூதாட்டம். 100 கிராம் பெல்லட் ஆறேழு பவுண்டு, அவ்வளவுதான்.

மெட்வே_கொல்லை:
கசப்புக்கு வீட்டுப் பூவைப் போடுகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? கசப்புக்குச் சதவீதம் தெரிந்த டார்கெட் ரகப் பெல்லட் கொஞ்சம். அடுப்பை அணைக்கப்போகும் நேரத்தில் வீட்டுப் பூ. கடைசியில் போடும் பூவிலிருந்து கசப்பு அதிகம் இறங்காது, வாசனை எண்ணெய்தான் முக்கியம். சதவீதம் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது.

அப்புறம், ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் யாரும் பீர் காய்ச்சவில்லையா? கையில் கசக்கி, முகர்ந்து, போன வருடத்தோடு ஒப்பிட்டுத்தான் போட்டார்கள்.

உலர்ந்த_நாக்கு:
காய்ச்சினார்கள். ஒரு பீப்பாய் போல இன்னொன்று இருக்காது என்று குடிப்பவனுக்கும் தெரிந்திருந்தது.

சரி, வாசனைக்கே வருவோம். இன்று எல்லோரும் தேடுகிற மாம்பழ வாசனை, பேஷன் ஃப்ரூட் வாசனை எல்லாம் சிட்ரா, மொசைக் வகையறா. அவை நிறுவனங்களின் உரிமையில் இருக்கிற ரகங்கள். நர்சரியில் அதன் வேரைக் கேட்டால் கிடைக்காது. உங்களுக்குக் கிடைப்பது ஃபகிள், கோல்டிங், ஃபர்ஸ்ட் கோல்டு, அதிகம் போனால் காஸ்கேட். அதுவும் இங்கிலாந்தில் வளர்ந்த காஸ்கேடில் அமெரிக்கக் காஸ்கேடின் கிரேப்ஃப்ரூட் தோல் காரம் அவ்வளவாக இருக்காது.

மெட்வே_கொல்லை:
கோல்டிங் கிடைப்பது ஒரு குறையா? தேன், மண், லேசான மிளகு வாசனையுள்ள பிட்டருக்கு அதைவிட்டால் வேறென்ன இருக்கிறது? காஸ்கேடையும் அவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம். ஓரிகனில் அரசு ஆராய்ச்சியில் உருவாகி 1972இல் வெளிவந்த பொது ரகம் அது. அமெரிக்க பேல் ஏல் என்று ஒன்று கிளம்பியதே அதை வைத்துத்தான்.

வன்னிக்கிழங்கு:
இரண்டு பேரும் சட்டியைப் பற்றியே கதைக்கிறீர்கள், செடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் பியர் காய்ச்சுகிற ஆள் இல்லை. லண்டன் குரொய்டனில் சின்ன வளவு, அதில் ஹாப்ஸ் வைத்திருக்கிறேன்.

மெட்வே அண்ணை, எந்த ரகம் நட்டீர்கள்? கோல்டிங், ஃபகிள் என்றால் ஐந்தாறு மீட்டர் ஏறும். ஜூனில் ஒரே நாளில் ஒரு சாண் வளரும். பந்தலில் நிற்காது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு கூரைக்குப் போய்விடும். கென்டின் வை (Wye) கல்லூரியில் உருவாக்கிய ஃபர்ஸ்ட் கோல்டு குட்டை ரகம், இரண்டரை மீட்டரில் நின்றுவிடும். வீட்டுக்கு அதுதான் தோது. கயிறுக்கு இரண்டு மூன்று தண்டு மட்டும் விட்டு மிச்சக் குருத்தை வெட்ட வேண்டும். வெட்டியதை எறிய வேண்டாம், பெல்ஜியத்தில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிற சாமான் அது. தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் சோற்றோடு நன்றாகப் போகும்.

நோயையும் சொல்ல வேண்டும். அசுவினி குளிர்காலத்தை பிளம், டாம்சன் மரங்களில் கழித்துவிட்டு மே மாதம் கொடிக்கு இறங்கும். வெயில் காய்ந்தால் சிலந்திப்பேன். மழை என்றால் அடிச்சாம்பல் நோய். கீழே மூன்றடி இலையை உருவிவிட்டால் காற்று போகும், பாதித் தொல்லை குறையும். தண்டில் கொக்கி மயிர் இருக்கிறது. கைச்சட்டை நீளமாக இல்லாவிட்டால் முழங்கை வரை தடிக்கும்.

நாய் வளர்க்கிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. உடல் சூடு தாறுமாறாக ஏறிச் சாகும். கிரேஹவுண்ட் போன்ற இனத்துக்கு ஆபத்து இன்னும் கூட. காய்ச்சி முடித்த சக்கையைத் திறந்த குப்பையில் போடக் கூடாது.

மெட்வே_கொல்லை:
ஒன்று ஃபர்ஸ்ட் கோல்டு, ஒன்று கோல்டிங். கோல்டிங்கை அறுவடை நாளில் கீழே இறக்கும்படி கப்பி வைத்த கம்பத்தில் விடப்போகிறேன். வறைக்கு நன்றி, அது என் திட்டத்தில் இல்லை.

உலர்ந்த_நாக்கு:
ஏணி, கப்பி, கம்பம், கைச்சட்டை, நாய்க்குக் காவல். ஆறு பவுண்டு பெல்லட்டுக்கு மாற்றாக. குறித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வேலியெல்லாம் காட்டு ஹாப்ஸ் என்று நீங்களே சொன்னீர்கள். அதில் ஆண் கொடியும் இருக்கும். மகரந்தம் காற்றில் வந்து உங்கள் பெண் பூவில் விதை பிடிக்கும். ஜெர்மனியின் ஹாலர்டாவில் ஆண் கொடியைக் கண்டாலே பிடுங்குகிறார்கள். எடையில் ஒரு பங்கு விதையாகப் போனால் உங்கள் அரைக் கிலோ கணக்கும் சரிகிறது.

வன்னிக்கிழங்கு:
இங்கிலாந்தில் தோட்டக்காரர்களே வேண்டுமென்று ஆண் கொடி வைத்தார்கள். விதை பிடித்தால் பூ பருக்கும். இந்த நாட்டு ஏல் விதையுள்ள ஹாப்ஸில் எத்தனையோ காலம் ஓடியது. லாகர் காய்ச்சுகிற ஜெர்மன்காரருக்குத்தான் விதை பிடிக்காது. மெட்வே அண்ணை காய்ச்சப்போவது பிட்டர்.

பனிக்காடு:
வின்னிபெக்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே மைனஸ் 30இல் மேலே எல்லாம் கருகிப்போகும். மே மாதம் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். கென்டுக்காரர் பயப்பட ஒன்றுமில்லை.

காட்டு ஹாப்ஸை இளக்காரமாகப் பேசுவதால் ஒரு பழைய கதை. எங்கள் மனிடோபாவின் மோர்டன் பக்கம் காட்டில் வளர்ந்த ஒரு பெண் கொடியின் வேரை 1916 வாக்கில் கென்டின் வை கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே பேராசிரியர் சால்மன் அதன் விதையிலிருந்து எடுத்ததுதான் புரூவர்ஸ் கோல்டு, 1934இல் வெளிவந்தது. இன்று அமெரிக்க ஐபிஏ வகைப் பீரில் மணக்கிற சென்டெனியல் ரகத்தின் வம்சத்தில் பெரும்பங்கு அதுதான். உலர்ந்த நாக்கு வாங்குகிற பெல்லட்டுக்கும் ஒரு வேலியோரத்துப் பாட்டி இருக்கிறாள்.

உலர்ந்த_நாக்கு:
பாட்டி இருக்கட்டும். அவளுக்குப் பின்னால் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுத் தேர்வு நடந்தது. நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

கோவை_குசும்பு:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நம்ம ஊரில் இது வருமா? கோவை வேண்டாம், ஊட்டியில்? அங்கே குளிர் இருக்கிறதே.

வன்னிக்கிழங்கு:
கொடி வரும், பூதான் கஷ்டம். பிரச்சினை குளிர் இல்லை, பகல். ஹாப்ஸ் கோடையின் நீண்ட பகலில் உயரமாக வளர்ந்து, பகல் குறையத் தொடங்கும்போது பூக்கிற செடி. கென்டில் ஜூனில் பதினாறரை மணி நேரம் வெளிச்சம். ஊட்டியில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்துக்குள். அதனால் இடுப்பளவு வளர்வதற்குள் "பூக்கிற காலம் வந்துவிட்டது" என்று நினைத்து நாலு பூ விட்டு நின்றுவிடும். குளிர்கால உறக்கம் கட்டாயமில்லை என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டிவிட்டது. புளோரிடாவிலும் பிரேசிலிலும் இரவில் விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். இந்தியாவில் இமாச்சலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் விளைந்திருக்கிறது.

மெட்வே_கொல்லை:
காய்ச்சுகிற எண்ணம் இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். பிரிட்டனில் வீட்டுக் காய்ச்சலுக்கு இருந்த உரிமக் கட்டணத்தை 1963இல் எடுத்துவிட்டார்கள். சொந்தக் குடிக்கு எவ்வளவும் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சினால் வழக்குதான்.

கோவை_குசும்பு:
அப்போ மொட்டைமாடியில் விளக்குப் போட்டு ஹாப்ஸ் வளர்த்து வறை செய்து சாப்பிடுவதுதான் வழி. கரண்ட் பில்லை யார் கட்டுவது? சரி, நான் வேடிக்கை பார்க்கிறேன்.

மெட்வே_கொல்லை:
இனி என் முக்கியமான வாதம். பெல்லட் எவ்வளவு நல்லதானாலும் காய வைத்து, அரைத்து, அழுத்தியது. பறித்த பூவில் எண்பது சதவீதம் தண்ணீர். குவித்து வைத்தால் ஒரே நாளில் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் பச்சைப் பூவைக் கடைக்காரர் அலமாரியில் வைக்க முடியாது. காலையில் பறித்து மதியம் சட்டியில் போடும் பீர் வேண்டுமென்றால் கொடி பக்கத்தில் இருக்க வேண்டும். கென்டின் பீர் ஆலைகள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பச்சை ஹாப்ஸ் பீர் விடுவது அதனால்தான். எனக்கும் அதுதான் வேண்டும். ஆறு பவுண்டு மிச்சம் பிடிக்கவா கம்பம் நட்டேன்?

உலர்ந்த_நாக்கு:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம். பச்சைப் பூ வாங்குவது கடினம், உண்மை.

ஆனால் அதற்கும் விலை உண்டு. உலர்ந்த பூவைப்போல ஐந்து மடங்கு எடை போட வேண்டும். 50 கிராம் இடத்தில் கால் கிலோ. அது குடிக்கிற வோர்ட்டும் போச்சு. அதிக நேரம் ஊறினால் வெட்டின புல் வாசனை. அது ஒரே ஒரு நாள் காய்ச்சல், மிச்சப் பூ எல்லாம்? அடுப்புச் சூட்டில் காய வைத்து எண்ணெயைப் பறக்கவிட்டு, ஜனவரியில் திறந்தால் பழைய சீஸ் நாற்றம்.

வன்னிக்கிழங்கு:
அடுப்பு வேண்டாம். ஜன்னல் வலையில் மெல்லிதாகப் பரப்பி நிழலில், காற்று படுகிற இடத்தில் வைத்தால் காணும். அவசரமென்றால் பழம் உலர்த்துகிற மெஷின், 50 டிகிரிக்குள். நடுக்காம்பு வளையாமல் ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காற்றெடுத்த பையில் போட்டு ஃப்ரீசரில். சீஸ் மணம் வருவது வெளியில் போட்டு வைக்கிறவர்களுக்கு.

உலர்ந்த_நாக்கு:
ஒரு யோசனை. இந்தச் செப்டம்பரில் ஒரே வோர்ட்டை இரண்டு வாளியாகப் பிரியுங்கள். ஒன்றில் உங்கள் பச்சை ஃபர்ஸ்ட் கோல்டு, மற்றதில் கடை ஃபர்ஸ்ட் கோல்டு. எது எதுவென்று சொல்லாமல் நாலு பேருக்கு ஊற்றிக் கொடுங்கள். நானும் லீட்ஸிலிருந்து ரயில் ஏறி வருகிறேன்.

மெட்வே_கொல்லை:
வாருங்கள். ஆனால் ஊற்றுவது என் மனைவி. யார் கோப்பையில் எது என்று எனக்கும் தெரியக் கூடாது.

வன்னிக்கிழங்கு:
இந்த ஏப்ரலில் நட்ட கொடியை நம்பியா இந்தச் செப்டம்பருக்கு நாள் குறிக்கிறீர்கள்? முதல் வருடம் வேர் பிடிக்கிற வருடம், ஒரு கோப்பை நிறையப் பூ வந்தாலே அதிகம். ரயில் டிக்கெட்டை அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ எடுங்கள்.

உலர்ந்த_நாக்கு:
பார்த்தீர்களா, பெல்லட் நாளைக்கே வந்துவிடும்.